நண்டு கீறிய படம்

கற்பிட்டிப் பக்கத்தில் டொறத்தி ரீச்சரைப் பற்றிக் கேட்டால் முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் கதைப்பார்கள். சிரிப்புக்குக் காரணம் அவர் சேர்க்கிற குப்பை. வெங்காயம் பிடுங்கி உலர்த்துகிற காலத்தில் தோட்டம் தோட்டமாகச் சாக்கோடு போய், காற்றில் பறக்கிற தோலையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வருவார். அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு குப்பை பொறுக்குகிற ஒரே ஆள் இந்த நாட்டில் தன் பெண்சாதிதான் என்று அவருடைய கணவர் நிக்கொலஸ் வலை பொத்துகிற இடத்தில் இருந்து சொல்வார். சொன்ன கையோடு கடலால் வரும்போது அவளுக்கென்று இரண்டு சிப்பியையும் மடியில் கட்டிக்கொண்டு வருவார், அது வேறு கதை.

டொறத்தி ரீச்சர் கண்டக்குழியில் பிறந்தவர். அதே ஊர்க் கரையோரப் பள்ளிக்கூடத்தில் சித்திர பாடம் படிப்பித்தார். சண்டைக் காலம். சோற்றுக்கே வழி பார்க்கிற நேரத்தில் பிள்ளைகளுக்கு வர்ணப் பெட்டி அனுப்ப யாருக்கு மனம் வரும்? வராது என்று தெரிந்ததும் ரீச்சர் அடுப்பை மூட்டினார். வெங்காயத் தோலை அவித்து ஒரு நிறம் எடுத்தார். அவருடைய தகப்பன் அன்ரனிப்பிள்ளை ஒரு காலத்தில் நூல் வலைக்குச் சாயம் போட்ட அதே கண்டல் மரப் பட்டையை ஊறவைத்துச் சிவப்பு எடுத்தார். கறுப்புக்கு அடுப்புக் கரி இருக்கவே இருந்தது. பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் பிள்ளைகள் கீறிய படங்களைப் பார்த்த ஒரு கல்வி அதிகாரி, இதை மற்ற ஆசிரியர்களுக்கும் காட்டிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சும்மா வாய்க்குச் சொன்னாரோ என்னவோ, ரீச்சர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்.

அப்படித்தான் சனிக்கிழமை வகுப்புத் தொடங்கியது. வருகிறவர்கள் எல்லோரும் ஆசிரியர்கள். உடப்பிலிருந்து வந்தார்கள், கற்பிட்டியிலிருந்து வந்தார்கள், வடக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்த முஸ்லிம் சனங்களின் முகாம் பள்ளிக்கூடங்களிலிருந்தும் வந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே கண்டல் காடு நிற்க, அதை ஒருமுறைகூடத் திரும்பிப் பாராமல் கண்டல் காட்டின் பயன்களைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவர்களைக் கண்டால் ரீச்சருக்குப் பத்திக்கொண்டு வரும். சேற்றில் கால் வைக்காதவர் சேற்றைப் படிப்பிக்கக் கூடாது என்பது அவருடைய கட்டளை. உடப்பு ஞானேஸ்வரி ரீச்சர் முதல் நாள் கஞ்சி போட்ட சேலையும் குடையுமாக வந்தவர், மத்தியானம் முழங்கால்வரை சேறோடு, கையில் ஒரு கண்டல் காயைப் பிடித்துக்கொண்டு, இதை எந்த நிறத்தில் கீறுவது என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

கடல்நீர் ஏறி இறங்குகிற களப்பின் கரையில் ஒரு படைமுகாம் இருந்தது. கரைக்குப் போக அங்கே அனுமதி கேட்க வேண்டும். ரீச்சரின் தாய் சிலாபத்துக்காரி என்பதால் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ரீச்சர் போய்க் கதைத்தால் அனுமதி கிடைத்துவிடும். காவலரணுக்குக் கிட்டப் போகக் கூடாது, அதைப் படமாகக் கீறவும் கூடாது. நிபந்தனை அவ்வளவுதான்.

சரீப் சேர் அந்த வகுப்புக்கு வந்தது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டில். மன்னார்த் தீவின் கரையோர ஊர் ஒன்றிலிருந்து ஒரே நாளில் வெளிக்கிட்டு, கற்பிட்டி வீதியில் தென்னந்தோட்டத்து ஓலைக் குடிசைக்கு வந்து சேர்ந்தவர். அதிகம் கதைக்க மாட்டார். அன்றைக்கு எல்லோரும் கரையில் கண்ட உயிர் ஒன்றைக் கீற வேண்டும் என்று ரீச்சர் சொன்னபோது, அவர் மட்டும் வெறுந்தாளோடு இருந்தார். கேட்டதற்கு, உயிருள்ளதைக் கீறுவதில்லை, மார்க்கத்தில் அப்படி என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். ரீச்சர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சிரித்தார்.

"நண்டைக் கீற வேணாம் சேர். நண்டு கீறி வச்சிரிக்கே, அதக் கீறுங்க."

தண்ணீர் வற்றிய மணலில் பயறளவு நண்டுகள் இருக்கின்றன. மணலை வாயில் போட்டு, இரையை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சின்ன உருண்டையாக உருட்டி வெளியே வைக்கும். பொந்தைச் சுற்றி அந்த உருண்டைகள் வரிசை வரிசையாகப் போகும், சின்னப் பிள்ளை சூரியனுக்குக் கதிர் போட்ட மாதிரி. சரீப் சேர் அதன் முன்னால் குந்தியிருந்து கீறத் தொடங்கினார். ஆட்கள் சாப்பிட எழும்பிப் போனதுகூட அவருக்குத் தெரியவில்லை.

பின்னேரம் திரும்பும்போது காவலரணில் பைகளைச் சோதித்தார்கள். மீன், கொக்கு, கண்டல் வேர் எல்லாம் சிரிப்போடு திரும்பி வந்தன. சரீப் சேரின் தாள் மட்டும் திரும்பி வரவில்லை. வட்டங்கள், வட்டத்திலிருந்து புறப்படுகிற புள்ளிக் கோடுகள், ஒரு வட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிற பாதைகள். வரைபடம் என்று முடிவு கட்ட ஒரு படைக்காரனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? இது எந்த இடம் என்று கேட்டார்கள். சரீப் சேர் வாய் திறக்கவில்லை. அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள், மற்றவர்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். பொழுது பட ஒரு லொறி புத்தளத்துக்குப் போகும், அதில் அவரையும் ஏற்றுவார்கள் என்று ஒருவன் சொன்னான். அந்தக் காலத்தில் அப்படி ஏற்றப்பட்ட ஆட்களைத் தேடிப் போனவர்களின் கதை கரை முழுக்கத் தெரிந்த கதை.

கீறச் சொன்னது நான், அந்த மனிசன் சும்மா இருந்தவர் என்று டொறத்தி ரீச்சர் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் நடந்தார். காலையில் பங்குச் சுவாமியாரையும் கூட்டிக்கொண்டு போவோம் என்றார் நிக்கொலஸ். காலையில் போய் யாரைக் கேட்பது என்று ரீச்சர் செருப்பை மாட்டினார். படலையடியில் ஞானேஸ்வரி ரீச்சர் நின்றார், அன்றைக்குச் சேறான சேலையோடு. கடைசி பஸ்ஸை வேண்டுமென்றே விட்டுவிட்டு நின்றிருக்கிறார்.

முகாம் பொறுப்பதிகாரி மலைநாட்டுப் பக்கத்து இளம் பிள்ளை. கடலையே உத்தியோகத்துக்கு வந்த பிறகுதான் பார்த்தவர். நண்டு கீறியது என்று ரீச்சர் சொன்னதும், என்னைச் சின்னப் பிள்ளை என்று நினைத்தீர்களா என்று கேட்டார். கேட்டதில் பிழையில்லை. காலையில் பார்த்த உருண்டைகளை நடுப்பகல் தண்ணீர் வந்து அழித்துவிட்டது. காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இல்லை. ஆனால் இப்போது தண்ணீர் திரும்ப வற்றிக்கொண்டிருந்தது. கரைக்கு வந்து பாருங்கள், பொய் என்றால் என்னையும் அந்த லொறியில் ஏற்றுங்கள் என்றார் ரீச்சர். ஞானேஸ்வரி ரீச்சருக்குச் சிங்களம் அரைகுறை, லொறி என்ற சொல் மட்டும் விளங்கியது. அவரும் தலையை ஆட்டினார்.

அதிகாரி வந்தார். பின்னால் துவக்கோடு படைக்காரர்கள், நடுவில் சரீப் சேர். சப்பாத்துகள் ஈர மணலில் தொம் தொம் என்று இறங்கின. கரையில் பொந்துகள் இருந்தன, நண்டு ஒன்றுகூட இல்லை. அதிகாரி ரீச்சரைத் திரும்பிப் பார்த்தார். எத்தனை சனிக்கிழமை, எத்தனை பேருக்கு, நடந்தால் நண்டு வராது, அசையாமல் இருந்தால்தான் வரும் என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார்! பயத்தில் தானே மறந்துபோனார்.

"வாடிவென்ன, மஹத்தயா," என்று மணலைக் காட்டினார்.

உட்காருவதா? ஈர மணலில், தன் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பள்ளிக்கூட ரீச்சர் சொல்லி? அதிகாரி கொஞ்ச நேரம் நின்றார். ரீச்சர்தான் முதலில் இருந்தார். பக்கத்தில் ஞானேஸ்வரி ரீச்சர் இருந்தார். பிறகு அதிகாரியும் இருந்தார். மற்றவர்கள் துவக்கை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக இருந்தார்கள். மேலே தெருவில் லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். அதிகாரி கையை உயர்த்தி அவனை அடக்கினார். அதற்குப் பிறகு யாரும் அசையவில்லை.

ஒரு பொந்தில் மணல் அசைந்தது. கண் இரண்டு வந்தது, பிறகு கால், பிறகு முழு நண்டும். ஒரு உருண்டை உருட்டி வைத்தது. இன்னொன்று. பக்கத்துப் பொந்திலும் ஒன்று வந்தது, அதற்குப் பக்கத்திலும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வெறும் மணல் முழுக்க வட்டமும் புள்ளிக்கோடுமாக நிறைந்தது. அதிகாரி சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து முழங்காலில் விரித்தார். மணலைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். பின்னால் ஒரு படைக்காரன் தன்னை மறந்து சிரித்துவிட்டான்.

சரீப் சேரைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார் அதிகாரி. தாளைத் தரவில்லை, இனிமேல் கரைக்குக் கடதாசி கொண்டுவரக் கூடாது என்றார். தடை என்றால் தடை. அடுத்த சனியிலிருந்து ஆசிரியர்கள் மணலிலேயே கீறினார்கள், சிப்பியும் சருகும் கண்டல் பூவும் அடுக்கிப் படம் செய்தார்கள், தண்ணீர் வந்து அழிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடதாசி இல்லாத பள்ளிக்கூடங்களுக்கு அதைவிடத் தோதான பாடம் கிடையாது என்று அந்த வழி உடப்புவரை போனது. வேறொருவராக இருந்தால் அன்றோடு வகுப்பை இழுத்து மூடியிருப்பார். டொறத்தி ரீச்சர் சண்டை முடியும்வரை நடத்தினார்.

ஆனால் அந்தப் பின்னேரம் தெருவால் திரும்பும்போது அவர் இதையெல்லாம் நினைக்கவில்லை. என்னால்தானே இவ்வளவும் வந்தது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சரீப் சேரிடம் கெஞ்சினார். நண்டு கீறியது என்று நீங்களாவது சொல்லியிருக்கலாமே என்றும் கேட்டார்.

"எங்கட ஊர்க் கரையிலயும் இந்த நண்டு இரிக்கி, ரீச்சர். கீறக்குள்ள நான் இஞ்ச இருக்கல்ல," என்றார் சரீப் சேர். "அவங்க திரும்பத் திரும்ப, இது எந்த இடம், எந்த இடம் எண்டுதான் கேட்டாங்க. வாயத் தொறந்தா ஊர்ப் பேர்தான் வந்திருக்கும், அது போதுமே அவங்களுக்கு. அதான் பேசாம இருந்தேன்."

துவக்குகளுக்கு முன்னால் அசையாமல் இருந்த டொறத்தி ரீச்சர் அந்தத் தெருவோரத்தில் குந்தி அழுதார். ஞானேஸ்வரி ரீச்சர் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டார். சரீப் சேர் கொஞ்சம் தள்ளி, அவர் அழுது முடியும்வரை நின்றார்.