பெரியப்பா பேர்

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, தூத்துக்குடி மில்லர்புரத்துல நாங்க குடியிருந்த வாடகை வீட்டு முன்னறையில வச்சுத்தான் இது ஆரம்பிச்சுது. என் மகன் பிறந்து ஒரு மாசம்கூட ஆகல. காலையில காப்பி குடிக்கிறதுலேர்ந்து ராத்திரி கொசுவத்தி கொளுத்துற வரைக்கும், அவனுக்கு என்ன பேர் வைக்கிறதுங்கிற பேச்சுதான் வீட்டுல ஓடும்.

எனக்குப் பேர் விஷயத்துல கொஞ்சம் கிறுக்கு உண்டுன்னு முதல்லயே சொல்லிடுறேன். பாளையங்கோட்டையில நான் படிச்ச வகுப்புல என் பேர்லயே இன்னும் நாலஞ்சு பேர் இருந்தாங்க. டீச்சர் கூப்பிட்டா ஒருத்தியும் எந்திரிக்க மாட்டோம். நீதான், நீதான்னு ஒருத்தியை ஒருத்தி இடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்போம். இப்போ எங்க தெருவுல ஓடுற பொடிசுங்க பேரைக் கேட்டா எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. அதனால என் பிள்ளைக்கு, இப்போ யாரும் வைக்காத அந்தக் காலத்து ஞானஸ்நானப் பேர்தான்னு முடிவு பண்ணி வச்சிருந்தேன். சூசை, இன்னாசி, தொம்மை, கஸ்பார்னு அவன் வயித்துல இருக்கும்போதே ஒவ்வொண்ணா சத்தமாக் கூப்பிட்டுப் பார்ப்பேன். என் கணவர் துறைமுகத்துல ஒரு ஷிப்பிங் ஆபீஸ்ல வேலை பார்க்கிறார். “ஏளா, பிறக்கதுக்கு முன்னாடியே எம்புள்ளைய கிழவனாக்கிராத”ன்னு சிரிப்பார்.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போக எனக்குக் கொடுத்து வைக்கல. அம்மாவுக்கு முதுகுல ஆபரேஷன் ஆகி அவங்களே படுக்கையில இருந்தாங்க. அப்போ ஒரு பையைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னவங்கதான் என் கணவரோட மைனி, அதாவது அவர் அண்ணன் மனைவி. நான் அக்கான்னு கூப்பிடுவேன். ஆலந்தலையில தனியா இருக்காங்க. இறால் கம்பெனியில வேலை. எனக்காக லீவு போட்டுட்டு வந்து, பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டுமா ஆக்கிப் போட்டாங்க. காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் கால்ல போட்டு அவங்க குளிப்பாட்டுற அழகைப் பார்க்கணும். தனக்குன்னு ஒரு பிள்ளை இல்லாத மனுஷி, பத்துப் பெத்தவ மாதிரி அவ்வளவு பக்குவமாப் பார்த்தாங்க. ஞானஸ்நானத்துல பிள்ளைக்கு ஞானத்தாயா நிக்கப் போறது அவங்கதான்னு நாங்க பேசி வைக்கவே வேண்டியிருக்கல.

அவங்க கணவர், என் அத்தான், தோணியில வேலை பார்த்தவர். எனக்குக் கல்யாணம் ஆகுறதுக்கு முன்னாடியே, மாலத்தீவுக்குச் சரக்கு ஏத்திக்கிட்டுப் போன தோணி புயல்ல சிக்கிக் கவிழ்ந்திருச்சு. கூடப் போனவங்க சிலரை வேற ஒரு கப்பல்காரங்க காப்பாத்தினாங்க. அத்தான் கிடைக்கல. ஒரு பலகையைப் பிடிச்சுக்கிட்டு மிதந்ததைப் பார்த்தோம்னு பிழைச்சு வந்தவங்க சொல்லியிருக்காங்க. அந்த ஒரு பேச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அக்கா இருக்காங்க. தாலியைக் கழற்றல. இறப்புச் சர்ட்டிபிகேட் வாங்கலாம்னு சொன்னவங்களை வாசலோட திருப்பி அனுப்பிட்டாங்க. கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுவத்தியோட போகும்போது இவங்க கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருப்பாங்க. கட்டினவர் பேரை வாயால சொல்லவும் மாட்டாங்க. எப்பவும் “அவிய”தான்.

அத்தான் பேர் சந்தியாகு.

எனக்கு அது தெரியும். தெரிஞ்சேதான் அந்தப் பேரைத் தேர்ந்தெடுத்தேன். எப்பேர்ப்பட்ட பழைய பேரு! நான் விசாரிச்ச வரைக்கும் இப்போ எந்தச் சின்னப் பிள்ளைக்கும் அந்தப் பேர் இல்ல. அதோட அக்கா எனக்குச் செஞ்சதுக்கெல்லாம் நான் என்ன திருப்பிக் கொடுக்க முடியும்? அவங்க வீட்டுக்காரர் பேரையே என் பிள்ளைக்கு வச்சா மனசு குளிர்ந்து போவாங்கன்னு நினைச்சேன். கணவர்கிட்டக்கூடச் சொல்லல. பெரிய சஸ்பென்ஸ் வைக்கிறேன்னு நினைப்பு எனக்கு.

ஒரு ஞாயித்துக்கிழமை பூசை முடிச்சு மாமாவும் அத்தையும், அதான் என் கணவரோட அப்பா அம்மா, ஊர்லேர்ந்து வந்திருந்தாங்க. சாப்பிட்டு முடிச்சதும் மாமா வெத்தலையை மடிச்சுக்கிட்டே, “கோயில்ல பேர் குடுக்கணும்லா, என்ன முடிவு பண்ணியிருக்கீய?”ன்னு கேட்டார். அக்கா கையில பிள்ளை. நான் பரிசு கொடுக்கிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, “சந்தியாகு, மாமா”ன்னு சொன்னேன்.

மாமா கையில வெத்தலை அப்படியே நின்னுபோச்சு. அத்தை தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. அக்கா மட்டும் எந்திரிச்சு, பிள்ளையைத் தொட்டில்ல கிடத்தி, துணியைச் சரி பண்ணி, உள்ள போய்த் தன் பையை எடுத்துட்டு வந்தாங்க. “நாளைக்கு கம்பெனியில ஆள் பத்தலன்னாவ. நான் வாரேன்”னு சொல்லிட்டுப் படியிறங்கிட்டாங்க. என் கணவர் செருப்பைக்கூடப் போடாம, “மைனி, மைனி”ன்னு பின்னாடியே ஓடினார். தனியாத்தான் திரும்பி வந்தார்.

அப்புறம்தான் எனக்கு விஷயம் சொன்னார். எங்க பாளையங்கோட்டை வீட்டுல உயிரோட இருக்கிற தாத்தா பேரையே பேரனுக்கு வச்சுப் பெருமையாக் கூப்பிடுவோம். இவங்க குடும்பத்துல அப்படி இல்லையாம். உயிரோட இருக்கிறவங்க பேரை அதே வீட்டுப் பிள்ளைக்கு வைக்கவே மாட்டாங்களாம். ஒருத்தர் கண்ணை மூடின பிறகுதான் அந்தப் பேர் அடுத்த பிள்ளைக்கு வருமாம்.

“அண்ணன் பேரை வச்சா அண்ணன் இல்லன்னு ஆயிரும்ளா. அப்படிச் சொல்ல எங்கப்பாக்கே இத்தன வருசமா தைரியம் வரல. நீ படக்குன்னு சொல்லிட்ட.”

எனக்கு முதல்ல கோபம்தான் வந்துச்சு. “முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?”ன்னு கத்தினேன். “நீ அந்தப் பேரைத்தான் மனசுல வச்சிருக்கன்னு நான் என்ன சோசியமா பார்த்தேன்?”னு அவரும் கத்தினார். ரெண்டு பேரும் கத்தி ஓய்ஞ்ச பிறகு நான் உட்கார்ந்து அழுதேன். நல்லது செய்றேன்னு நினைச்சு, எனக்குத் தாய் மாதிரி பார்த்தவங்க மூஞ்சிக்கு நேரா, உன் புருஷன் செத்துட்டான்னு சொல்லியிருக்கேன். அவங்க இனிமே எங்க வீட்டுப் படி ஏறுவாங்களா, என் பிள்ளையைக் கையில வாங்குவாங்களான்னு நினைக்க நினைக்க எனக்குச் சோறு இறங்கல.

போன் பண்ணினா எடுக்கல. அடுத்த வாரம் நாங்க பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஆலந்தலைக்கே கிளம்பிட்டோம். கதவைத் திறந்த அக்கா என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, “பச்சப்புள்ளைய இந்த வெயில்ல தூக்கிட்டு வாரியே, உனக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்கா?”ன்னு திட்டினாங்க. திட்டிக்கிட்டே பிள்ளையைப் பிடுங்கிக்கிட்டாங்க. அந்தத் திட்டு எனக்கு அவ்வளவு ஆறுதலா இருந்துச்சு.

என் கணவரைக் கடைக்கு அனுப்பிட்டு அடுப்படியில என்னை உட்கார வச்சாங்க. “பால் நல்லா ஊறுதா?”ன்னு கேட்டு, வேகவச்ச சுறாவை உதிர்த்துக்கிட்டு இருந்தாங்க. நான், தெரியாமச் சொல்லிட்டேன்கா, மன்னிச்சிருங்கன்னு ஆரம்பிச்சேன். அவங்க என்னைப் பேச விடல.

“நான் ஒண்ணும் கிறுக்கி இல்லளா. கடல் எப்படின்னு எனக்குத் தெரியாதா? ஆனா அவிய பேரை இவனுக்கு வச்சிட்டோம்னு வையி. நாளைக்கே அவிய வந்து வாசல்ல நின்னாவன்னா, நான் என்ன சொல்லுவேன்? உங்க பேரை எடுத்துக் குடுத்துட்டோம்னா சொல்லுவேன்?”

வேண்டாம்கா, அந்தோணின்னே வச்சிடுறோம்னு சொன்னேன். எங்க பக்கம் தடுக்கி விழுந்தா ஒரு அந்தோணி மேலதான் விழணும். அத்தனை அந்தோணி. இருந்துட்டுப் போகட்டும், எனக்கு என் அக்கா வேணும். ஞானத்தாயா நிப்பீங்களான்னு பயந்துகிட்டே கேட்டேன். “நிக்க மாட்டேன்னு நான் எப்ப சொன்னேன்?”னு கேட்டுட்டு, தட்டுல புட்டை வச்சுத் தள்ளினாங்க.

ஞானஸ்நானம் ஆலந்தலைக் கோயில்லதான். அந்தோணின்னு பேர் கொடுத்தாச்சு. அக்கா ஒரு நல்ல பட்டுச்சேலை கட்டிக்கிட்டு, வெள்ளை உடுப்புப் போட்ட பிள்ளையைக் கையில வாங்கிக்கிட்டு நின்னாங்க. மாமாவும் அத்தையும் முன் பெஞ்சுல உட்கார்ந்திருந்தாங்க. கடல்காத்து ஜன்னல் வழியா வந்து மெழுகுவத்தியை அணைக்கப் பார்த்துக்கிட்டே இருந்துச்சு. என் கணவர் கையால மறைச்சுக்கிட்டு நின்னார்.

சாமியார் எங்களைப் பார்த்து, “பிள்ளைக்கு என்ன பேர் வைக்கிறீங்க?”ன்னு கேட்டார்.

என் கணவர் வாயைத் திறக்கிறதுக்குள்ள அக்கா சொல்லிட்டாங்க. “சந்தியாகு, சாமி.”

நான் காதை நம்பல. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்தப் பேரைச் சொல்லாத வாய் அது. குரல் உடையல, கண்ணு கலங்கல. கடையில போய் ஒரு சாமான் கேட்கிற மாதிரித்தான் சொன்னாங்க. அவர்கிட்ட வேற பேர் சொல்லி வச்சிருந்ததால சாமியார் குழம்பிப்போய் எங்களைப் பார்த்தார். பெஞ்சுல மாமா துண்டால முகத்தை மூடிக்கிட்டார். எங்கிருந்து எனக்குத் தைரியம் வந்துச்சோ, “ஆமா சாமி, அதே பேர்தான்”னு நான் சொன்னேன். தலையில தண்ணி பட்டதும் பையன் வீறிட்டுக் கத்தினான்.

வெளிய வந்து நின்னா எல்லாரும் அழுறாங்க. அக்காவுக்குக் கோபம் வந்திருச்சு.

“எதுக்கு எல்லாரும் ஒப்பாரி வைக்கீய? அவிய இல்லன்னு நான் சொன்னேனா? வருவாவ. வந்தாவன்னா வீட்டுல ரெண்டு சந்தியாகு. பெரியவரு, சின்னவருன்னு கூப்பிட்டாப் போச்சு. இதுக்குப் போயி.”

வீட்டுக்கு நடந்து வரும்போது என்கிட்ட மட்டும் காரணம் சொன்னாங்க. மில்லர்புரத்துலேர்ந்து பஸ் ஏறினப்போ என் மேல கொலவெறியா இருந்தாங்களாம். நாங்க ஆலந்தலைக்கு வந்துட்டுப் போன பிறகுதான் ஒண்ணு தோணுச்சாம். தான் வருத்தப்படுவோம்னு பயந்து வீட்டுல ஒருத்தரும் அந்தப் பேரை வாயெடுத்துச் சொல்றதே இல்லையாம். மாமா தன் மூத்த மகனைப் பத்திப் பேச்செடுத்தா, இவங்க வர்ற சத்தம் கேட்டதும் நிறுத்திருவாராம். “அவிய இருக்காவன்னு நான் ஒருத்திதான் சொல்லிட்டு இருக்கேன். ஆனா பேரு மட்டும் எப்பவோ போயிட்டுளா. நீ சொன்ன அன்னைக்குத்தான் எத்தனையோ வருசம் கழிச்சு அதைக் காதால கேட்டேன்”னாங்க. நான் அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டேன். “விடுளா, பிள்ள விழுந்துரும்”னு உதறிட்டாங்க.

இப்போ என் பையன் நல்லா ஓடுறான், ஏறாத இடம் கிடையாது. கம்பெனி லீவு நாள்ல அக்கா வந்தா, தெருமுனையிலேர்ந்தே முழுப் பேரையும் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டு வருவாங்க. மாமா கதைதான் வேற. “ஏலே சந்தியாகு”ன்னு கூப்பிடுவார். பையன் விளையாட்டை விட்டுட்டு ஓடிப்போய் முன்னாடி நிப்பான். “ஒண்ணும் இல்லலே, போ”ம்பார். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் கூப்பிடுவார். அத்தை சிரிச்சுக்கிட்டே உள்ள போயிருவாங்க.

வீட்டுல அந்தப் பேரை யார் சத்தமாக் கூப்பிட்டாலும், என் பையன் ஓடி வர்றதுக்கு முன்னாடி, கடல் பக்கத்திலேர்ந்து ஒரு பெரிய ஆளோட குரல் “என்ன?”ன்னு கேட்டிராதான்னு எனக்கும் ஒரு நொடி மனசு அடிச்சுக்குது.