கோட்டைக்குள்ளை போற வகுப்பு

ஒஸ்லோவிலை குடியுரிமைச் சோதினைக்கு ஆக்களைத் தயார்படுத்துறதுதான் என்ர வேலை. படிப்பிக்கிறதைவிடப் பயம் தெளிவிக்கிறதுதான் கூட. அந்தச் சோதினை எழுதினவை, எழுதப் போறவை, வீட்டிலை ஒராளை எழுத வைக்கப் படாதபாடு பட்டவை, நீங்கள் எல்லாரும் என்ர கட்சிதான்.

மதிலுக்கு உள்ளையும் வெளியிலையும்

ஒஸ்லோவின்ர ரொம்மன் பக்கத்திலை வகுப்பு. நோர்வே மொழியிலை ‘ஸ்டாட்ஸ்போர்கர்’ எண்டால் குடிமகன் எண்டு சொல்லிப்போட்டு நான் அடுத்த சொல்லுக்குப் போகப் பாத்தன். கார்த்திக் விடேல்லை. கோயம்புத்தூர்ப் பெடியன், கம்ப்யூட்டர் வேலை, முதல் ஜேர்மனியிலை இருந்தவர். அங்கை ‘ப்யூர்கர்’ எண்டு சொல்லுவினமாம். ‘புர்க்’ எண்டால் கோட்டை. கோட்டை மதிலுக்குள்ளை இருக்க உரிமை உள்ளவன் ப்யூர்கர். நோர்வேக்காரர் சொல்லுற போர்கரும் அந்தப் பக்கத்தாலை வந்ததுதானாம். என்ன வடிவாச் சொன்னார் தெரியுமே! ஒல்லாந்தர் அதே சொல்லை இலங்கைக்கும் கொண்டுவந்தவை, ஒல்லாந்தர் வழிவந்த எங்கட பறங்கியரை இங்கிலீசிலை ‘பேகர்’ எண்டுறது அதாலைதான் எண்டு நானும் என்ர பங்குக்குச் சொன்னன்.

கடைசி வாங்கிலை யோகம் அக்கா. பக்கத்து ஊர் ஹவுகன்ஸ்டுவாவிலை இருக்கிறவ, முதியோர் இல்லமொண்டிலை குசினி வேலை, அகதியா வந்தவ. யாழ்ப்பாணக் கோட்டையை றோட்டிலை நிண்டு மட்டும் பாத்த மனுசி. யோசிச்சுப்போட்டுக் கேட்டா: “அப்ப மதிலுக்கு வெளியிலை நிண்ட நாங்கள் ஆர் ரீச்சர்?”

கைகாட்டின கார்த்திக்

அந்தக் காலத்து ப்யூர்கருக்கு உரிமை மட்டுமில்லை. முறை வைச்சு மதிலிலை காவல் நிக்கவேணும், நெருப்புப் பிடிச்சால் வாளியோடை ஓடவேணும். நான் இதைச் சொன்னதும் யோகம் அக்கா சிரிச்சா. எங்கட ‘டுக்னாட்’ தானே எண்டா. பனி கரைய, மாடிவீட்டுச் சனம் எல்லாம் ஒண்டாச் சேந்து முற்றம் துப்புரவாக்கிற வழக்கம்.

கார்த்திக்கின்ர முகம் போன போக்கு! அவற்ரை கட்டிடத்திலையும் முற்றத்திலை நிண்டு எல்லாரும் கைகாட்டிக் கூப்பிட்டவையாம். அன்பாக் கையசைக்கினம் எண்டு நினைச்சு, இவரும் பதிலுக்குக் கையசைச்சுப்போட்டு ஜிம்முக்குப் போட்டாராம். யோகம் அக்கா குடுத்தா பாருங்கோ ஏச்சு. அடுத்த முறை போய்ச் சருகு அள்ளி, கை கொப்பளிச்சு வந்தார், ஆனால் முகம் நிறையச் சந்தோசம். “மிஸ், இப்ப லிஃப்ட்ல எல்லாரும் என்னை பேர் சொல்லிக் கூப்பிடறாங்க.”

சூப்பு வேணுமெண்டால் பதில்

யோகம் அக்கா ஒருக்கா சோதினையிலை தவறிப்போனா. மகள் லண்டனிலை கலியாணம் கட்டேக்கை, அகதிப் பயணப் பத்திரத்துக்கு விசா பிந்தினதாலை, தாலிகட்டைக் குசினியிலை நிண்டு போனிலைதான் பாத்தவ. மகளுக்குப் பிள்ளை பிறக்கேக்கையாவது பக்கத்திலை நிக்கவேணும், அதுக்கு இந்தப் பாஸ்போட் வேணும். இதைச் சொல்லி என்னோடை அழுதவ.

பிறகு என்ன செய்தா தெரியுமே? இல்லத்திலை இருக்கிற வயசானவையையே வாத்திமாராக்கிப்போட்டா. சூப்புக் கொண்டுபோனால் மேசைக்கு மேசை கேள்வி. இவ சரியாப் பதில் சொல்லும்வரை அதுகள் கரண்டியைத் தொடாதுகளாம். கெட்டிக்காரி எண்டால் இதுதான் கெட்டித்தனம். இரண்டாந்தரம் எழுதிப் பாஸ் பண்ணிப்போட்டுப் போன் எடுத்தா. “எல்லாரும் கை தட்டிச்சினம் ரீச்சர். சூப்புத்தான் ஆறிப்போச்சு.”

லண்டன் விமான நிலையம்

பாஸ்போட் கைக்கு வர, மகளுக்கும் மாதம் நெருங்கிட்டுது. அக்காவுக்கு லண்டன் அதிகாரியை நினைக்கவே நடுக்கம். ஏன் வந்தனீங்கள், எங்கை தங்குவியள், எப்ப திரும்புவியள் எண்டு நான் கேக்க, அவ இங்கிலீசிலை பாடமாக்கினா. பிள்ளை பெத்தபிறகு மகளுக்குக் குடுக்கப் பத்தியச் சரக்கையும் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டா.

போய் இறங்கின கையோடை போன். பின்னாலை மகள் சிரிக்கிற சத்தம். “ரீச்சர், பாஸ்போட்டை மெசினிலை வைச்சன், கதவு தானாத் திறந்திட்டுது. ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை.”

ஒரு நாளைக்கு ஒருத்தரும் ஒண்டும் கேக்காமல் விடுறதுக்காக, வருசக்கணக்காக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறதுதான் என்ர உத்தியோகம்.