அவியல் நின்றுபோன அன்று வந்த மெயில்

உயிர்போகிற அவசரத்துக்கு போன், சாவகாசமான சங்கதிக்கு மெயில் என்றுதான் வெகுகாலம் நம்பியிருந்தேன். அதிலும் போனில் எவ்வளவு கத்துகிறோமோ அவ்வளவு சீக்கிரம் காரியம் நடக்கும் என்பது என் கட்சி. குடவாசல் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் மேனேஜர் நான். விலை விவரம், பொங்கல் வாழ்த்து இரண்டையும் மெயிலில் அனுப்புவேன். அதற்குமேல் அதை மதித்ததில்லை.

ஒரு சம்பா சீசனில், தொட்டிகள் நிறைய நெல் ஊறிக்கொண்டிருக்கும்போது பாய்லர் நின்றுவிட்டது. ஊறிய நெல்லை நேரத்துக்கு ஆவி கொடுத்து அவிக்காவிட்டால் நாற்றமெடுத்துவிடும். பேனலில் 'தண்ணீர் குறைவு' என்று சிவப்பு விளக்கு. பாய்லரில் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயிலோ பாதிக்குமேல் தண்ணீர் தெரிகிறது.

"தண்ணி கெடக்கு சார். சென்சாருதான் பொய் சொல்லுது" என்றார் பாய்லர் ஆபரேட்டர் ஆரோக்கியசாமி.

பாய்லர் கம்பெனி கேரளத்தில் இருந்தது. போனை எடுத்த பெண்ணிடம், "அம்மா, அவியல் நின்னுபோச்சு! அவியல்!" என்று அலறினேன். நெல் அவிப்பதற்கு எங்கள் மில்லில் அதுதான் பெயர்.

"சாரே, இது கேன்டீன் இல்ல. சர்வீஸ் டிபார்ட்மென்ட்."

ஒருவழியாக இன்ஜினியர் நம்பர் கிடைத்தது. அவர் எங்கோ ஒரு சைட்டில் நின்றிருந்தார். அங்கே ஒரு மெஷின் சத்தம், இங்கே என் சத்தம். அவர் சொன்னதில் ஒரே ஒரு வார்த்தை என் காதில் விழுந்தது: 'பைபாஸ்'. லைன் அறுந்துவிட்டது.

"சென்சாரைக் கழட்டிட்டு ஒயரை நேரா குடுக்கச் சொல்றாரு சார். குடுத்துறவா?" என்றார் ஆரோக்கியசாமி.

"குடுங்க, குடுங்க!"

அப்போதுதான் முதலாளி எஸ்தர் அம்மா உள்ளே வந்தார். "பைபாஸ் பண்ணுன்னாரா, பண்ணாதன்னாரா?"

"பைபாஸ்னாரும்மா."

"முன்னாடி பின்னாடி என்ன சொன்னாரு?"

"அது... கேக்கலம்மா."

"கல்யாணப் பத்திரிகையில மண்டபம் பேரை மட்டும் படிச்சுட்டுப் பந்திக்குப் போற ஆளுய்யா நீ! மெயில் போடு. பதில் வர்றவரைக்கும் ஒருத்தரும் ஒயரைத் தொடக்கூடாது."

எல்லாவற்றையும் கேபிடல் எழுத்தில் அடித்தேன். "மெயில்லயும் எதுக்குய்யா கத்துற?" என்றார் அம்மா. அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். போனில் அவ்வளவு நேரம் புலம்பியது நாலு வரிக்குள் அடங்கிவிட்டது. தண்ணீர் ஏற்றும் பம்ப்பைப் பற்றி ஒரு வரி எழுதலாம் என்று போனபோதுதான், அதன் பக்கம் நாங்கள் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது உறைத்தது. அதையும் எழுதி, பேனலையும் கண்ணாடிக் குழாயையும் போட்டோ எடுத்து இணைத்து அனுப்பினேன்.

'கேன்டீன்' பெண் அதை அப்படியே இன்ஜினியருக்கு பார்வர்ட் செய்துவிட்டாள். அவரிடம் நான் திரும்ப முதலிலிருந்து அழவேண்டியிருக்கவில்லை. பதிலும் எங்கள் எல்லோருக்கும் ஒன்றாகவே வந்தது. பைபாஸ் செய்யவே கூடாது என்று எழுதியிருந்தார். அந்தக் 'கூடாது'க்கு மட்டும் அவரும் கேபிடல் எழுத்தில் கத்தியிருந்தார். மிச்ச நெருப்பையும் அணையுங்கள், போட்டோவைப் பார்த்தால் கண்ணாடிக் குழாய் அடைத்திருக்கும்போலிருக்கிறது, அதன் அடித் திருகைத் திறந்து பாருங்கள், பம்ப்பின் வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள் என்று வரிசையாக இருந்தது. ஆரோக்கியசாமிக்குத் தமிழில் மூன்று தடவை வாசித்துக் காட்டினேன். மூன்று தடவையும் 'கூடாது' அதே இடத்தில் இருந்தது. போனில் அது எங்கே விழுந்து தொலைந்ததோ!

புதிதாக மில் வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: தாராளமாகக் கத்துங்கள், ஆனால் ஒயரில் கை வைக்கும் முன் மெயிலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

திருகைத் திறந்தோம். அடைப்பால் கண்ணாடியில் தேங்கி நின்ற பழைய தண்ணீர் ஒழுகித் தீர்ந்தது. அடுத்த சொட்டு வரவில்லை. பம்ப்பின் வடிகட்டி முழுக்கச் சேறு. பாய்லரில் உண்மையிலேயே தண்ணீர் இல்லை. சென்சார் சொன்னதுதான் நிஜம். பைபாஸ் செய்து எரித்திருந்தால் காய்ந்த பாய்லர் வெடித்திருக்கும். பாய்லரை ஆறவிட்டு, வடிகட்டியைக் கழுவி, தண்ணீர் ஏற்றிய பிறகே மறுபடி நெருப்பு மூட்டினோம். அதற்குள் ஒரு தொட்டி நெல் நாறிவிட்டது. மில் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது.