மெவ்லிதா கேட்ட கூலி

மெவ்லிதா போஸ்னியாக்காரி. அங்கே போர் நடந்த காலத்தில், புருஷன் ரெஃபிக்கோடும் ஒரே ஒரு பெட்டியோடும் பின்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் எங்கள் ஊருக்கு அகதியாக வந்து சேர்ந்தாள். அடுத்த வசந்தத்திலேயே யோரான் என்பவனின் கண்ணாடிக் குடிலில் தக்காளிக் கொடிகளுக்குக் கயிறு கட்டப் போய்விட்டாள். நான் அங்கே பழம் அடுக்கும் அறையில் இருந்தேன். குளிர்கால இருட்டில் செடிகளுக்காக எரியும் குடில் விளக்குகளால் எங்கள் வானம் ஆரஞ்சு நிறமாக இருக்கும். முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு, "எங்கயோ தீப்பிடிச்சிருக்கு" என்று தெருவில் ஓடியவள் அவள். அதைச் சொல்லி வருஷக்கணக்காகக் கிண்டல் செய்தோம். அவளும் சும்மா இருக்கவில்லை. தலைநகரத்துக்காரர்களுக்குப் புரியாத எங்கள் கரைக் கொச்சையைக் கற்றுக்கொண்டு அதிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

பின்னால் அவளையே தொழிலாளர் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தோம். யோரானோடு வாதாடி அலுத்துப்போகாத ஒரே ஆள் அவள்தான்.

அதற்கப்புறம்தான் வெளிநாட்டு ஆட்களுக்கு வேலை அனுமதி கிடைப்பது சுலபமாயிற்று. எங்கள் பிள்ளைகள் தக்காளி பறிக்க வருவதை நிறுத்தி வெகுநாளாகியிருந்தது. வியட்நாமிலிருந்து ஆட்கள் வந்தார்கள், கொஞ்ச காலத்தில் குடும்பங்களும் வந்தன. மூடப்போவதாக இருந்த பள்ளிக்கூடத்தில் இரண்டாவது வகுப்புக்கு டீச்சர் போட்டார்கள். கடையில் மீன் சாஸும் அரிசி நூடுல்ஸும் வந்தன. பூட்டிக் கிடந்த வீடுகளில் விளக்கு எரிந்தது. வீட்டு வாடகையும் ஏறியது. புதிதாகக் கல்யாணம் ஆன எங்கள் ஊர் ஜோடிகள் வீடு கிடைக்காமல் முணுமுணுத்தார்கள்.

யோரான் புதியவர்களுக்கு மணிக்கணக்கில் கூலி கொடுக்கவில்லை, பெட்டிக்கு இவ்வளவு என்று கொடுத்தான். பழம் குறைவாகப் பழுக்கிற வாரங்களில் அது எங்கள் கூலியில் பாதியைக்கூடத் தொடாது. மாலை வேலை, சனிக்கிழமை வேலை எல்லாம் மெல்ல மெல்ல அவர்கள் பக்கம் போயின. ரெஃபிக்கும் அதே குடிலில்தான் இருந்தான். அவனுக்கு வாரத்தில் நாலு நாள் வேலைதான் மிஞ்சியது.

மெவ்லிதாவைப்போல முன்பே அகதிகளாக வந்திருந்த போஸ்னியாக்காரர்கள் கூடி, புதிதாக யாரையும் விடக் கூடாது என்று நகராட்சிக்கு ஒரு மனு எழுதினார்கள். ரெஃபிக்கின் தங்கை ஸெஹ்ரா அதை எடுத்துக்கொண்டு மெவ்லிதா வீட்டுக்கு வந்தாள். அன்று நானும் அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

"முதல் கையெழுத்து உங்களோடதுதான் அண்ணி. பிரதிநிதி நீங்கதானே."

"நான் போட மாட்டேன்."

"ஏன்? உங்க வீட்டு அடுப்புலயே கை வச்சுட்டாங்க. இன்னும் என்ன வேணும்?"

"கை வச்சது யோரான், அவங்க இல்ல. அவங்கள நிறுத்துன்னு கேக்காதீங்க. நமக்குக் கொடுக்கிற கூலிய அவங்களுக்கும் கொடுன்னு கேளுங்க. ரெண்டு பேருக்கும் ஒரே கூலின்னா, உங்கண்ணன விட்டுட்டு அவங்களக் கூப்பிடறதுல யோரானுக்கு என்ன லாபம்?"

"அவன் கொடுத்துட்டாலும்" என்றான் ரெஃபிக்.

"கொடுக்க வைக்கணும்."

"நாம வந்தப்ப நமக்கு யார் கேட்டா?" என்றாள் ஸெஹ்ரா.

"யாரும் கேக்கல. நல்லாவா இருந்துச்சு?"

ஸெஹ்ரா காபியைத் தொடாமலே எழுந்து போய்விட்டாள். அதற்கப்புறம் இரண்டு பெருநாள் வந்து போயிற்று, அவள் அண்ணியோடு பேசவில்லை.

மெவ்லிதா வியட்நாம்காரர்கள் தங்கியிருந்த வீட்டுக்குப் போனாள். அவர்களில் லியென் என்ற பெண்தான் எங்கள் கொச்சையை வேகமாகப் பிடித்திருந்தாள். கதவைப் பாதி திறந்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முடியாது என்று தலையை அசைத்தாள்.

"அக்கா, நீங்க சண்டை போட்டுட்டு உங்க வீட்டுக்குப் போவீங்க. நாங்க சண்டை போட்டா ஊருக்கே போகணும்."

"யார் சொன்னா?"

"யோரான் சொன்னார்."

"உனக்குக் கொடுத்திருக்கிறது குடில் வேலைக்கான அனுமதி. யோரானுக்கு உன்ன எழுதிக் கொடுக்கல. எந்தக் குடில்லயும் நீ வேலை பாக்கலாம்."

"எந்தக் குடில் எங்கள எடுத்துக்கும்?"

 மெவ்லிதா திரும்பி வந்து இதை என்னிடம் சொன்னாள். "உரிமை இருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அவ கேட்டது வேலை" என்றாள். மறுநாள் வேலை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு குடில் குடிலாகப் போனாள். சிலர் யோரானைப் பகைத்துக்கொள்ள விரும்பவில்லை. சிலர் காபி கொடுத்து அனுப்பிவைத்தார்கள். கடைசியில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடில் வைத்திருந்த மாரித்திடம் போனாள். மாரித் எல்லாருக்கும் தொழிற்சங்க ஒப்பந்தப்படி முழுக் கூலி கொடுப்பவள். பேச்சு இனிப்பாக இருக்காது.

"அவன் ஆளுங்களுக்கு அரைக் கூலி கொடுத்துட்டு சந்தையில என் விலைக்குக் கீழ விக்கிறான். நான் ஏன் நஷ்டப்படணும்? அவன் வெளிய அனுப்பினா இங்க அனுப்பு. எல்லாரையும் எடுத்துக்கறேன்."

"முழுக் கூலிக்கு?"

"முழுக் கூலிக்குத்தான். உன்கூட உக்காந்து மல்லுக்கட்ட எனக்கு நேரமில்ல."

அந்த வார்த்தையோடு மெவ்லிதா மறுபடி அந்தக் கதவைத் தட்டினாள். இந்தத் தடவை லியென் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து சூப் கொடுத்தாள். அவர்கள் தங்களுக்குள் வெகுநேரம் பேசினார்கள். மெவ்லிதாவுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, ஆனாலும் எழுந்து போகவில்லை. கடைசியில் லியென், "சரிக்கா. நீங்க முன்னாடி நில்லுங்க" என்றாள்.

ஜூன் மாதம், பழம் கொத்துக் கொத்தாகச் சிவக்கிற நேரம். காலைக் காபி முடிந்தும் வியட்நாம்காரர்கள் யாரும் வேலைக்குத் திரும்பவில்லை. பழம் அடுக்கும் அறையில் நாங்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். போஸ்னியாக்காரர்களில் பாதிப்பேர் வந்தார்கள், மீதிப்பேர் கொடிகளுக்கு நடுவிலிருந்து எட்டிப்பார்த்தார்கள். ரெஃபிக் கடைசியாக வந்து மனைவிக்குப் பின்னால் நின்றான்.

இங்கே முதலாளியானாலும் பேர் சொல்லி, நீ என்றுதான் பேசுவோம். யோரான் நேராக மெவ்லிதாவிடம் வந்தான்.

"என்ன இது?"

"இவங்களுக்கும் மணிக் கூலி. எங்களுக்குக் கொடுக்கிறதே போதும்."

"ஸ்பெயின்லேர்ந்து பாதி விலைக்குத் தக்காளி வந்து இறங்குது. முழுக் கூலியும் கொடுத்தா நான் இழுத்து மூட வேண்டியதுதான்."

"அதே தக்காளி மாரித்துக்கும்தான் வந்து இறங்குது. அவ மூடிட்டாளா?"

"மாரித் பேச்ச விடு. இவங்களக் கூட்டிட்டு வந்தது நான். இவங்க இங்க இருக்கிறதே என்னாலதான்."

அப்போது லியென் குரல் கொடுத்தாள், எங்கள் கொச்சையிலேயே. "மாரித் எங்கள நாளைக்கே வரச் சொல்லியிருக்காங்க. நாங்க இங்கயே இருக்கத்தான் பாக்கறோம். வீடு பக்கத்துல இருக்கு."

யோரான் அவளை அப்போதுதான் பார்ப்பதுபோலப் பார்த்தான். பிறகு அலுவலக அறைக்குள் போனான். சாப்பாட்டு நேரம் போயிற்று. உள்ளே பழம் இளகிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குப் பிறகு வெளியே வந்தவன், "சரி, மணிக் கூலி. இப்ப அந்தப் பழத்தப் பறிங்க" என்றான்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். அடுத்த வருஷம் அவன் ஆட்களைக் குறைத்தான். வேலை போனவர்களில் சிலர் மாரித்திடம் போனார்கள், சிலர் ஊரைவிட்டே போனார்கள். அதில் ஒருத்தி மெவ்லிதாவைக் கடையில் பார்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று ராத்திரி மெவ்லிதா சாப்பிடவில்லை என்று ரெஃபிக் சொன்னான். ஆனால் அவனுக்கு ஐந்தாவது நாள் வேலை திரும்பக் கிடைத்தது. அதற்குப் பிறகு வந்தவர்களை யாரும் பெட்டிக் கணக்கில் வைக்கவில்லை. மெவ்லிதா ஒவ்வொரு பெருநாளுக்கும் இறைச்சி வைத்துச் சுருட்டிய பீத்தாப் பலகாரம் சுட்டு ஸெஹ்ரா வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தாள். மூன்றாவது பெருநாளில் கதவு திறந்தது.

யோரானுக்கு வயதானபோது அவன் பிள்ளைகள் யாரும் குடிலைக் கேட்கவில்லை. லியென்தான் குத்தகைக்கு எடுத்தாள், புருஷனோடும் கொழுந்தனோடும் சேர்ந்து. ரெஃபிக் அவளிடம் வேலைக்கு இருந்தான், மெவ்லிதாவும்தான். முதல் வருஷம் நடுக்கோடைத் திருநாள் நெருங்கியது. ஊரே கடற்கரைக்குப் போகிற விடுமுறை அது. லியென் குழைந்துகொண்டு வந்தாள்.

"அக்கா, பழம் காத்திருக்காது. திருநாளன்னிக்கு எல்லாரும் ஒரு அரை நாள் வந்துட்டீங்கன்னா... கூடுதல் கூலியெல்லாம் பாக்காதீங்க. நாம ஒரே குடும்பம் மாதிரிதானே."

"குடும்பம்னா சாப்பிடக் கூப்பிடு, வரேன். பழம் பறிக்கக் கூப்பிட்டா ரெட்டைக் கூலி."

"கடன்ல இருக்கேன்கா."

"தெரியும். யோரானும் இதத்தான் சொன்னான்."

லியென் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. திருநாளன்று காலையில் ரெட்டைக் கூலிக்கே ஆட்களைக் கூப்பிட்டாள். முதலில் வந்தவள் மெவ்லிதாதான். மத்தியானத்துக்குள் பழமெல்லாம் லாரி ஏறிவிட்டது. அதற்கப்புறம் லியென் குடிலுக்கு வெளியே மேஜை போட்டு எல்லாருக்கும் சாப்பாடு வைத்தாள். மெவ்லிதா இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.