பிரிசில்லா பேசாத பிரசங்கம்

ஆம்பூர் பைபாஸ் ஓரத்து ஷூ கம்பெனியில் பிரிசில்லாவுக்குத் தோல் ஒட்டும் வேலை. கல்யாணமாகி வந்த வருஷம் சேர்ந்தவள். கணவர் கிட்னி கெட்டுப் படுத்தபோது, "ஆண்டவரே, இனிமே நீர் சொல்றது எதையும் தட்ட மாட்டேன்" என்று ஜெபித்தாள். அவர் பிழைக்கவில்லை. ஆனாலும் சொன்ன வார்த்தையை அவள் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. சபையில் யார் எந்த வேலை சொன்னாலும் மறுக்காமல் செய்தாள்.

பெண்கள் ஞாயிறு ஆராதனையில் பிரசங்கம் செய்யும்படி போதகர் கேட்டபோது மட்டும் பதறிப்போனாள்.

"நானா? பத்தாவது ஃபெயிலு பாஸ்டர்!"

"நல்லா ஆயத்தம் பண்ணுங்க. மீதிய அவரு பாத்துப்பாரு."

ஆயத்தம் பற்றியே பேசுவது என்று முடிவுசெய்தாள். பைபிளில் வரும், விளக்கு இருந்தும் எண்ணெய் இல்லாமல் கல்யாண வீட்டு வாசலுக்கு வெளியே நின்றுவிட்ட பெண்களின் கதை. சமைக்கும்போதும் பஸ்ஸிலும் உதடு அசைந்துகொண்டே இருக்கும். மதிய இடைவேளையில், பக்கத்து மேஜை சைராவிடம் பேசிக் காட்டுவாள்.

"ரொம்ப ஸ்பீடா போற அக்கா. கொஞ்சம் மூச்சு வுட்டுப் பேசு" என்பாள் சைரா, டிபன் பாக்ஸை மூடியபடி.

அந்த ஞாயிறு காலை, புடவைக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தபோது சைராவின் போன் வந்தது.

"அக்கா, மாமியார் பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டாங்க. இடுப்ப அசைக்க முடியல. அவரு சென்னையில கீறாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. வர்றியா?"

பிரிசில்லா அப்படியே முழங்காலிட்டாள். சபைக்கா, சைரா வீட்டுக்கா, எங்கே போக வேண்டும் என்று ஆண்டவரிடம் கேட்டாள். எந்தக் குரலும் காதில் விழவில்லை. தெருவில் ஆட்டோ ஒன்று ஹார்ன் அடித்தது, அவ்வளவுதான். போதகருக்குப் போன் செய்து, சைரா கூப்பிட்டதைச் சொன்னாள்.

"இந்த ரெண்டுல எதுக்குப் பாஸ்டர் நான் கீழ்ப்படியணும்?"

அந்தப் பக்கம் பாடகர் குழு சுருதி பார்த்துக்கொண்டிருந்தது. "அத நான் எப்படிம்மா சொல்றது? சீக்கிரம் சொல்லுங்க, மணி அடிக்கப் போறாங்க."

"வரல பாஸ்டர்."

சொன்ன பிறகுதான், சொன்னது தன் வாய் என்று அவளுக்கு உறைத்தது.

வேலூர் ஆஸ்பத்திரியில், ஸ்கேன் அறைக்குப் போகும்வரை சைராவின் மாமியார் நசீமுன்னிசா பிரிசில்லாவின் கையை விடவே இல்லை. பிறகு வராந்தாவில் சைரா சொன்னாள்: "அங்க பேச வேண்டியத இங்க பேசு அக்கா. நான் கேக்கறேன்."

முதல் வரி வந்தது. அடுத்தது வரவில்லை. எவ்வளவு யோசித்தும் ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை. தப்பு செய்துவிட்டோமோ என்று நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் சைராவின் நாத்தனார் வாணியம்பாடியிலிருந்து வந்து சேர்ந்தாள். அப்படியென்றால், தான் வராமலேயே இருந்திருக்கலாமா?

பெண்கள் சங்கச் செயலாளர் அமிர்தவள்ளி அதையேதான் கேட்டாள். "அவ்ளோ ரெடி பண்ணிட்டு, நிக்க வேண்டிய நேரத்துல ஓடிட்டியேம்மா. கூட்டிட்டுப் போக வேற ஆளே இல்லியா? பிசாசு வெச்ச கண்ணின்னு தோணலியா?"

 அன்று ராத்திரி பிரிசில்லா சாப்பாட்டுத் தட்டை அப்படியே மூடி வைத்துவிட்டாள். ஆண்டவர் இரண்டு பக்கமும் நின்று கூப்பிடுவாரா?

அந்த வாரமே போதகர் வீட்டுக்கு வந்தார். டீ ஆறும்வரை டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார்.

"நான் கீழ்ப்படிஞ்சேனா பாஸ்டர், இல்லியா?"

"நானும் யோசிச்சிட்டேதாம்மா வர்றேன். நெறைய பேரு நீங்க செஞ்சது சரின்னு சொல்வாங்க. எனக்கு அவ்ளோ நிச்சயமா சொல்ல வரல." பிறகு, "பேரணாம்பட்டு ரோட்டு கிளைச் சபையில அடுத்த மாசம் பேசறீங்களா?" என்றார்.

"பேசறேன்" என்றாள். பழைய பிரசங்கத்தை மறுபடி ஆரம்பிக்க மனம் வரவில்லை. புதிதாக யோசித்தாள்.

அந்தச் சின்னச் சபையில், பாயில் உட்கார்ந்திருந்தவர்களிடம் அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"ஆண்டவர் சொன்னாச் செய்யலாம். எது அவர் சொன்னதுன்னு தெரியாம நின்னா இன்னா செய்யறது? எனக்கு இன்னும் தெரியல. தெரிஞ்ச மாதிரி உங்ககிட்ட பேச மாட்டேன்."

முன்வரிசைப் பெண் ஒருத்தி குழந்தையை மடி மாற்றிக்கொண்டு, மேலே சொல் என்பதுபோல நிமிர்ந்து பார்த்தாள்.