ஆபீஸ் வாசலில் வைத்த கத்திகள்

ஒரு தொழிலாளியின் கையிலுள்ள கருவி எந்த இடத்தில் ஆயுதமாகிறது?

போர் நடந்துகொண்டிருந்த தொண்ணூறுகளின் கடைசிப் பகுதியில், இலங்கையின் கேகாலை மாவட்டத்து ரப்பர் தோட்டமொன்றில், இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குள் வந்தது. அதற்கு முன் அது எனக்கு வெறும் பரீட்சைக் கேள்வி. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, அரச நிறுவனங்களுக்குள் ஊறிக் கிடக்கும் இனப்பாகுபாட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி நல்ல புள்ளிகள் வாங்கியிருந்தேன். பட்டம் பெற்று நியமனத்துக்காகக் காத்திருந்த மாதங்களில், தோட்டப் பள்ளிக்கூடத்தில் சம்பளமின்றிக் கற்பித்துக்கொண்டு, அக்காவின் லயத்துக் காம்பராவில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின் ஓர் அறையில், தங்கியிருந்தேன்.

அக்காவும் அத்தானும் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள். பால்வெட்டுக் கத்தியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: அது கைக்கடக்கமான கருவி. நுனி மடிந்து, சிறு வாய்க்கால்போலக் குழிந்திருக்கும். மரப்பட்டையை மெல்லிய சுருளாகச் சீவி எடுக்க அதைவிட நல்லது கிடையாது. ஆனால் அதைக்கொண்டு ஒரு பூசணிக்காயை ஒழுங்காக வெட்ட முடியாது. ஆழம் தவறி மரத்தில் காயம் பட்டால் அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பிறகு பாலுக்கு உதவாது. ஆகையால் ஒவ்வொருவரும் தம் கத்தியைத் தம் கைக்கேற்பத் தீட்டிப் பழக்கி வைத்திருப்பார்கள். ஒருவர் கத்தியை இன்னொருவர் எடுப்பதில்லை. அக்காவும் அத்தானும் ஒரே கோப்பையில் தேத்தண்ணீர் குடித்தவர்கள். கத்திகள் மட்டும் கூரையின் இரு மூலைகளில் தனித்தனியே செருகியிருக்கும். மழுங்கினால் வீட்டிலேயே தீட்டுவார்கள். மடிப்பு விரிந்துபோனால் டவுனிலுள்ள கொல்லுப்பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. விடாமல் மழை பெய்த ஒரு வாரத்தின் சனிக்கிழமை, அத்தான் கத்தியைப் பட்டறைக்குக் கொண்டுபோனார். கீழ்க் கிராமத்துச் சிங்களவர் ஒருவரும் உடன் போனார். அவரும் எங்கள் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். அத்தான் வெட்டும் மரங்களுக்கு அடுத்த மரங்கள் அவருடையவை. சிங்களத்தில் அண்ணனை அழைப்பதுபோல நாங்கள் அவரை 'அய்யே' என்போம்; அவர் அக்காவை 'நங்கி', அதாவது தங்கை, என்பார். திரும்பி வரும்போது சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி, தமிழர்களை இறங்கச் சொன்னார்கள். அத்தான் இறங்கினார். பஸ் அவரில்லாமல் வந்தது.

அய்யே நனைந்துகொண்டு நேரே எங்கள் காம்பராவுக்கு வந்தார்.

"நங்கி, ஒங்க மனுசன பொலீசு எறக்கிருச்சி" என்றார் அக்காவிடம். அவர் பேசியது எங்கள் தோட்டத்துத் தமிழேதான். "பையில கத்தியப் பாத்துட்டு, கொட்டியான்னு கேட்டாங்க. புலின்னு. நானும் எறங்கிப் போயி சொன்னேன், ராலஹாமி, அது ரப்பர் வெட்டுறது, இந்தா என்கிட்டயும் இருக்குன்னு தொறந்து காட்டுனேன். என்னைய பஸ்ஸுல ஏறச் சொல்லிட்டாங்க."

"ஒங்க கத்தியப் புடுங்கலையா?" என்று அக்கா கேட்டாள்.

"தொட்டுக்கூடப் பாக்கல."

அவர் கத்தியை எடுத்து வாசற்படியில் வைத்தார். அதே பட்டறையில், அதே மதியம், அத்தானின் கத்திக்கு அடுத்ததாகத் தட்டிக் கொடுக்கப்பட்ட கத்தி. நான் விடைத்தாளில் எழுதிய அத்தனையும் அந்தப் படியில் கிடந்தது.

பொலிஸ் நிலையத்தில் தமிழ் தெரிந்தவர் எவரும் இல்லை. நான்தான் பேசினேன். சார்ஜன்ட் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மிஸ் நல்லாச் சிங்களம் பேசுறீங்க, தமிழ் ஆள்னு சொல்லவே முடியாது" என்று சிங்களத்தில் சொன்னார். பாராட்டாகத்தான் சொன்னார். அதன் பிறகு, கூரிய ஆயுதத்துடன் பிடிபட்ட ஆள் என்பதால் செவ்வாய்க்கிழமை கொழும்புக்கு அனுப்பப்போவதாகவும் சொன்னார்.

கொழும்பு என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். அவசரகாலச் சட்டத்தின் கீழ் வழக்கில்லாமலே ஆளை அடைத்து வைக்கலாம். பக்கத்துத் தோட்டத்திலிருந்து அப்படிக் கொண்டுபோகப்பட்ட ஒருவர், தம் மகள் பேசப் பழகிய பிறகுதான் திரும்பி வந்தார். ஆகவே செவ்வாய்க்கு முன் அத்தானை வெளியே எடுக்க வேண்டும். எங்களுக்கு இருந்த வேலை அது ஒன்றுதான்.

சோற்றுப் பார்சலைக் கொடுக்க அக்காவுக்கும் எனக்கும் அனுமதி கிடைத்தது. அத்தான் சுவரில் சாய்ந்து கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. வலது கைப் பெருவிரல் வீங்கிக் கறுத்திருந்தது.

"கத்திய எங்க வச்சிருக்காங்கன்னு கேளு" என்றார். "மடிப்ப நல்லா எடுத்துக் குடுத்தாரு பட்டறை பாஸு."

அக்கா அவருடைய உள்ளங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுலதான் அடிச்சாங்க" என்றார் அவர், பக்கத்தில் நின்ற காவலருக்குக் கேட்காத குரலில். "நீ அழுதுறாத. அழுதா ஏதோ இருக்குன்னு நெனப்பாங்க."

அக்கா அழவில்லை. பார்சலைப் பிரித்து, பிசைந்து, அவர் வாயில் ஊட்டினாள்.

மறுநாள் ஞாயிறு. பால் நிறுக்கும் கொட்டிலில் எல்லோரும் கூடினோம். தோட்டத் தலைவர், அதாவது எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கப் பொறுப்பாளர், மேலே பேசியிருப்பதாகவும் பொறுமையாக இருக்கச் சொல்கிறார்கள் என்றும் தெரிவித்தார்.

"பொறுமையா இருந்தா காலு நடக்குமா, தலைவரே?" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

இளைஞர்கள் ரோட்டை மறிக்கலாம் என்றார்கள். நான் எழுந்து, ரோட்டை மறித்தால் அடுத்ததாக லயத்துக்குத்தான் வருவார்கள், அடையாள அட்டை கிடைக்காத பையன்கள் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார்கள், முதலில் அவர்களைத்தான் ஏற்றுவார்கள் என்றேன். வேலைநிறுத்தம் என்றார்கள். இந்த நேரத்தில் வேலைநிறுத்தம் செய்தால் அதற்குப் பின்னால் யார் என்று கேட்பார்கள், அந்தக் கேள்வியே அத்தானைக் கொழும்புக்கு அனுப்பிவிடும் என்றேன்.

"டீச்சரு எதச் சொன்னாலும் ஆகாதுங்குது" என்றார் ஒருவர். "அப்ப பொலீசுக்குப் போயி பூப்போட்டுக் கும்பிட்டுட்டு வருவோமா?"

சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் கேட்டது நியாயம். ஆபத்துகளையெல்லாம் எடை போட்டுக் காட்டிவிட்டு, தராசோடு நின்றுகொண்டிருந்தேன்.

அக்கா கோபத்தில்தான் சொன்னாள்: "கத்தி ஆயுதம்னுதானே அவர அடிச்சாங்க. அப்ப நம்ம எல்லார்கிட்டயும் ஆயுதம் இருக்கு. நான் நாளைக்கு அந்தக் கத்தியத் தொடமாட்டேன். கொண்டுபோயி தொரை ஆபீஸ் வாசல்ல வச்சிட்டு வந்துருவேன்."

அவள் சொன்னதை நான் மனத்துக்குள் திருப்பிப் பார்த்தேன். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டுக்கு வழக்கம்போலப் போகிறோம். பேர் போடுகிறோம். வேறு எந்த வேலை கொடுத்தாலும் செய்யத் தயாராக நிற்கிறோம். கத்தியை மட்டும் எடுப்பதில்லை. பொலிஸ் ஆயுதம் என்று சொன்ன ஒன்றை நாங்கள் ஏந்துவதில்லை, அவ்வளவுதான். இதை வேலைநிறுத்தம் என்று எவரும் எழுத முடியாது. சட்டத்துக்குக் கீழ்ப்படிந்து நிற்பவர்களை எதற்காகப் பிடிப்பார்கள்? பிடிக்கவும் கூடும். அதையும் சொன்னேன். ஆகையால் பெண்கள் முன்னால் போகட்டும், அட்டை இல்லாத பையன்கள் லயத்திலேயே இருக்கட்டும், எவரும் கோஷம் போட வேண்டாம் என்று பேசி முடிவெடுத்தோம்.

"சங்கத்துல கேக்காம நான் ஒண்ணும் சொல்ல ஏலாது" என்றார் தலைவர். சற்று யோசித்துவிட்டு, "ஆனா என் கத்தியும் வீட்டுலதான் இருக்கு" என்றார்.

திங்கட்கிழமை மழை விட்டிருந்தது. மரப்பட்டைகள் காய்ந்திருந்தன. ஒரு வாரம் வெட்டாத மரங்களில் பால் கட்டிப்போய் நிற்கும். வெயில் ஏறுமுன் வெட்டினால் சிரட்டை நிரம்பி வழியும். அது எங்களுக்கும் தெரியும், தோட்டத்து மனேஜரான துரைக்கும் தெரியும்.

பிரட்டில் கணக்கப்பிள்ளை பேர் போட்டு முடித்ததும், அக்கா போய்த் தன் கத்தியை ஆபீஸ் வாசற்படியில் வைத்தாள். பெண்களுக்கிடையே வந்து இரண்டாவதாகத் தலைவர் வைத்தார். பிறகு ஒவ்வொருவராக.

"என்ன வெளையாட்டு இது?" என்றார் கணக்கப்பிள்ளை.

"இது ஆயுதமாங்க. வச்சிருந்தா காலுலயே அடிக்கிறாங்க" என்றாள் அக்கா. "எங்களுக்குப் புல்லுப் புடுங்குற வேலை குடுங்க. புல்லு வெட்டுற வேலை குடுத்துறாதீங்க, அதுக்கும் கத்தி வேணும்."

கீழ்க் கிராமத்திலிருந்து வேலைக்கு வரும் சிங்களத் தொழிலாளர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். அவர்களிலிருந்து அய்யே வந்தார். கத்தியைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, கத்தியை மட்டும் படியில் வைத்தார்.

"ஒனக்கென்னடா வந்துச்சு? ஒன்னையத்தான் விட்டுட்டாங்களே" என்று அவருடைய ஊர்க்காரர் ஒருவர் சிங்களத்தில் கேட்டார்.

"விட்டதுனாலதான் வைக்கிறேன்" என்றார் அய்யே.

கேட்டவர் தம் கத்தியை வைக்கவில்லை. வேறு சிலர் வைத்தார்கள்.

துரை ஜீப்பில் வந்து இறங்கினார். நடுவயதுச் சிங்களவர், தோட்டத்து வழக்கப்படி எங்களுடன் தமிழில் பேசுவார். கொடுமைக்காரர் அல்லர், மாத உற்பத்தியைத் தாண்டி எதையும் அதிகம் பார்த்தவரும் அல்லர். அவர் கத்திகளைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.

"ஸ்ட்ரைக்கா?"

"இல்லீங்க தொரை. பேர் போட்டாச்சி. வேலைக்குத்தான் நிக்கிறோம்" என்றார் தலைவர்.

நான் நடந்ததைச் சொன்னேன். துரை நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி, நான் ஸ்டேஷன் பெரியவரு, ஓஐசிக்குப் போன் பண்றேன். நீங்க கத்திய எடுத்துட்டுப் போங்க."

"போன்ல கத்தி தெரியாதுங்க, தொரை" என்றாள் அக்கா. "நீங்க வந்து காட்டணும்."

ஒருவரும் அசையவில்லை. மலைக்கு அப்பால் வெளிச்சம் கூடிக்கொண்டிருந்தது. துரை கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை எல்லோரும் பார்த்தோம். கடைசியில் ஒரு பால் வாளியைக் கொண்டுவரச் சொல்லி, கத்திகளை அதில் எடுத்துப் போடச் செய்து, அக்காவையும் அய்யேயையும் என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்.

பொலிஸ் பொறுப்பதிகாரியின் மேசைமேல் அந்த வாளி வைக்கப்பட்டது. துரை மனித உரிமை பற்றி எதுவும் பேசவில்லை. தோட்டம் கொடுக்கும் கருவியைப் பொலிஸ் ஆயுதம் என்று சொன்னால் இன்று ஒரு சொட்டுப் பாலும் இறங்காது, கம்பெனி கேட்டால் யார் பெயரைச் சொல்வது என்று மட்டும் கேட்டார். அதிகாரி ஒரு கத்தியை எடுத்து, மடிந்த நுனியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சார்ஜன்டைப் பார்த்துத் தலையசைத்தார்.

அத்தானைக் கூட்டிவரப் போனார்கள். அந்த இடைவெளியில் பேசாமல் இருந்திருக்கலாம். ஆள் கையில் கிடைக்குமுன் வாயைத் திறந்தால் காரியம் கெடலாம் என்று எண்ணினேன். ஆனால் கிடைத்த பிறகு இந்த அறைக்குள் எங்களை எவரும் விடமாட்டார்கள் என்பதும் தெரிந்தது. குரலை உயர்த்தாமல் சிங்களத்தில் கேட்டேன்: "சேர், ரெண்டு கத்தி ஒரே பஸ்ஸில் வந்தன. ஒன்றை ஏன் விட்டீர்கள்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை; அய்யேயைப் பார்த்தார்.

"நானும் அதத்தான் கேக்குறேன், சேர்" என்றார் அய்யே.

"இது பாதுகாப்பு விஷயம். உங்களுக்கு விளங்காது" என்றார் அதிகாரி. அதற்குமேல் எந்த விடையும் அன்றும் வரவில்லை, பிறகும் வரவில்லை.

அத்தானை இருவர் தாங்கிக் கொண்டுவந்தார்கள். அவருடைய கத்தியையும் கொடுத்தார்கள். அவர் அதை இடக்கையில் வாங்கி மடிப்பைப் பார்த்துவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினார். தோட்டத்தில் வாளியை இறக்கியதும், ஒவ்வொருவரும் கைவிட்டுத் தம் கத்தியைப் பிடியிலேயே அடையாளம் கண்டு எடுத்துக்கொண்டு மரங்களுக்குப் போனார்கள். வெயில் ஏறிவிட்டதால் அன்று பால் குறைவு.

ஆஸ்பத்திரியில் காட்டினோம், முறைப்பாடு செய்தோம். விசாரிக்க ஒருவர் வந்தார், கேட்டார், போனார். எவரும் தண்டிக்கப்பட்டதாக எங்களுக்குத் தெரியவில்லை. அத்தானின் கால்கள் தேறின. கைப் பெருவிரல் தேறவில்லை. கத்தியை அதன் ஆழத்தில் நிறுத்த அந்த விரல்தான் வேண்டும். ஆகவே ரப்பர் ஷீட் புகை போடும் வீட்டில் அவருக்கு வேலை கொடுத்தார்கள். அந்தக் கத்தி கூரை மூலையிலேயே இருந்தது. அக்கா அதை எடுத்ததில்லை.

தமிழ்த் தொழிலாளர்களுக்கு மட்டும், கத்தி தோட்டத்துடையது என்று கடிதம் தருவதாகத் துரை சொன்னார். கொட்டிலில் அதைப் பற்றி நீண்ட நேரம் பேசினோம். கடிதம் இன்றைக்கு ஓர் அடியைத் தடுக்கும். ஆனால் கடிதம் இல்லாத தமிழரை அடிக்கலாம் என்பதற்கும் அதுவே வழி செய்துவிடும். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அடிபடப்போவது நான் அல்ல. அக்காதான் துரையிடம் போனாள்: "குடுக்கிறதுன்னா பால் வெட்டுற எல்லாருக்கும் குடுங்க, தொரை. அய்யேக்கும் குடுங்க." கடைசியில் எல்லோருக்கும் கிடைத்தது. அய்யே அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தாமும் இப்போது சந்தேக ஆள்தான் என்று கடைத்தெருவில் சொல்லிச் சிரிப்பார்.

அதே கூட்டத்தில் இன்னொரு முடிவும் எடுத்தோம். அதை முதலில் நிறைவேற்றியவரும் அய்யேதான். பக்கத்து லயத்துப் பையன் ஒருவனைச் சாவடியில் இறக்கியபோது அவரும் இறங்கி, மழையில் அவன் பக்கத்தில் போய் நின்றார். அந்த முடிவு போர் முடிந்து சாவடி அகற்றப்படும்வரை நடைமுறையில் இருந்தது: எங்கள் தோட்டத்து ஆள் ஒருவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கினால், அந்தப் பஸ்ஸிலிருந்த தோட்டத்து ஆட்கள் எல்லோரும் இறங்கினோம். அவர் திரும்பி ஏறும்வரை நாங்கள் ஏறவில்லை.