பாட்டிலில் ஒட்டிய பெயர்கள்

"நம் லேப் மேடம் காலமானார்." கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தி இவ்வளவுதான். அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். லேப் மேடத்துக்குப் பெயர் உண்டு. முனைவர் ஜெசிந்தா. தங்கச்சிமடத்து மீனவர் வீட்டுப் பெண். நுண்துகள் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியும் எங்கள் ராமநாதபுரம் கல்லூரியில் கடைசிவரை தற்காலிகப் பணியிலேயே வைக்கப்பட்டவர். அவரை லேப் மேடமாக மட்டுமே அறிந்த குழுவினர் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

கடல்பாசிச் சாற்றைக் கொண்டு வெள்ளியின் நுண்துகள்களை உண்டாக்கி, புண்ணில் கிருமி அண்டாத கட்டுத்துணி செய்வது அவருடைய ஆய்வு. பாறையில் கிழிபடும் விரல்களில் கந்தலைச் சுற்றிக்கொண்டு பாசி எடுக்கும் பெண்களுக்காகத் தொடங்கியது அது. ஒவ்வொரு பாசி பாட்டிலிலும் ஊர், தேதியோடு, எடுத்தவரின் பெயரையும் எழுதி ஒட்டுவார். "இதென்ன ரேஷன் கார்டா?" என்று துறைத்தலைவர் ஒருநாள் சிரித்தார்.

"கழுத்தளவு தண்ணியில இறங்குனவ பேரு இல்லாம, பாசி தானா நடந்து வந்துச்சா சார்?" என்றார் ஜெசிந்தா.

பல மாதம் கரைசல் நிறம் மாறவே இல்லை. ஒருநாள் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்த வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டார். "தம்பி, ஓடியாங்க! கடுங்காப்பி நிறம் வந்துருச்சு!" வெள்ளித் துகள் உருவானதற்கு அதுதான் அடையாளம். மறுநாளே மீன் வைக்கும் ஐஸ் பெட்டியில் மாதிரிகளை அடுக்கி, மதுரையில் பெரிய மைக்ராஸ்கோப் இருக்கும் இடத்துக்கு பஸ் ஏறினார்.

கட்டுரை ஆய்விதழில் அச்சாகி வந்தது. முதல் பெயர் துறைத்தலைவர். இரண்டாவது பெயர் நான். நான் செய்தது வரைபடம் போட்டது மட்டுமே. பாட்டிலில் இருந்த பெயர்களெல்லாம் மாதிரி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களாகியிருந்தன. ஜெசிந்தா கடைசி வரியில் இருந்தார், 'ஆய்வக உதவிக்கு நன்றி' என்று. "டெம்பரரிதானப்பா, அவங்க இதெல்லாம் எதிர்பார்க்க மாட்டாங்க" என்று தலைவர் முன்பே சொல்லியிருந்தார். எனக்குப் பதவி உயர்வு நெருங்கிய நேரம். நான் தலையாட்டினேன்.

அதைப் படித்துவிட்டு அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "கண்ணுக்குத் தெரியாத துகளப் பாக்க மிஷின் வச்சிருக்காக. பக்கத்துல நிக்கிறவளப் பாக்க எந்த மிஷின் தம்பி வேணும்?" மறுநாள் வழக்கம்போல அவர்தான் ஆய்வகத்தைத் திறந்தார். அவர் கத்தித் தீர்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இரங்கல் கூட்டத்தில் தலைவர் பேசினார். "தாய் மாதிரி. அவங்க போடுற டீக்கு ஈடு உண்டா?" தாயாம், டீயாம்! ஆய்வாளர் என்று சொல்ல அந்த நாக்குக்கு வரவில்லை. எழுந்து, "அந்தக் கட்டுரை அவங்களோடது சார். நான் கோடு மட்டும்தான் போட்டேன்" என்றேன். "இப்ப எதுக்குங்க இது?" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். இப்போதும் இல்லையென்றால் பிறகு எப்போது?

என் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரைப் போடச் சொல்லி இதழுக்கு எழுதிவிட்டேன். பதில் இன்னும் இல்லை. அவருடைய பாட்டில் ஒன்று என் மேசையில் இருக்கிறது. 'எடுத்தவர்: ஞானம்மா, சின்னப்பாலம்' என்று அவர் கையெழுத்து. அதன் கீழே 'செய்தவர்: ஜெசிந்தா' என்று நான் எழுதி ஒட்டியிருக்கிறேன். அவர் இருந்தபோதே, அவர் பார்க்க எழுதியிருக்க வேண்டியது.